கல்லாவுக்குத் திரும்பும் முன்: சில்லறையில் அரிய நாணயம் தேடத் தொடங்குபவர்களுக்கு

திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு டீக்கடை. டீயும் வடையும் முடித்து 50 ரூபாய்த் தாளை நீட்டினேன். கடைக்காரர் டப்பாவுக்குள் கைவிட்டு அள்ளி, மீதியை என் உள்ளங்கையில் கொட்டினார். அதில் ஒரு 5 ரூபாய்க் காசு மட்டும் மற்றவற்றைப்போல் இல்லை. ஒரு பக்கம் வழக்கமான சிங்க முத்திரை. திருப்பினால் பூ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முகம். ஊர் ஊராகச் சிலைகளில் பார்த்துப் பழகிய முகம். கூடவே ஒரு கையெழுத்து, தமிழ் எழுத்தில். அண்ணா நூற்றாண்டுக்காக 2009-இல் வந்த நாணயம் அது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் காசை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் காசு எனக்கு வந்த விலை 5 ரூபாய். நாளைக்கே எனக்கு வேண்டாம் என்று தோன்றினாலும் அது 5 ரூபாய்க்குச் செல்லும். இப்படி ஒரு ரூபாய்கூட இழக்காமல் தேடலாம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. கையில் விழும் காசைக் கல்லாவுக்கோ உண்டியலுக்கோ அனுப்பும் முன் பத்து நொடி நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பத்து நொடியில் எதைப் பார்ப்பது என்று தெரியாததால்தான் பலர் நல்ல காசுகளைப் பூக்காரியிடமும் கண்டக்டரிடமும் தினமும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

முதல் வாரம்: கண்ணைப் பழக்குங்கள்

எதையும் வாங்க வேண்டாம். இரவு வீட்டுக்கு வந்ததும் சட்டைப்பை, கைப்பை, வண்டியின் டப்பா எல்லாவற்றிலும் இருக்கும் சில்லறையை ஒரு துண்டின்மேல் கொட்டுங்கள். தரையில் கொட்டினால் காசு கீறிக்கொள்ளும். மதிப்பு வாரியாகப் பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு குவியலையும் வடிவம் வாரியாகப் பிரியுங்கள்.

உதாரணத்துக்கு 5 ரூபாய்க் குவியலை எடுத்துக்கொள்வோம். எல்லாமே 5 ரூபாய்தான் என்று இத்தனை நாள் நினைத்திருப்பீர்கள். கையில் எடுத்துப் பார்த்தால் மூன்று குடும்பங்கள் தெரியும். தடித்து, கனத்து, வெள்ளி போன்ற நிறத்தில் இருப்பவை 1992 முதல் பல ஆண்டுகள் வந்த செம்பு-நிக்கல் கலவைக் காசுகள். எடை 9 கிராம். விளிம்பைத் தடவினால் நடுவில் ஓர் ஓடையும் அதற்குள் நுணுக்கமான வேலைப்பாடும் விரலில் தட்டுப்படும். அடுத்து, 2007-ஐ ஒட்டி வந்த மெல்லிய எவர்சில்வர் காசு, 6 கிராம். மூன்றாவது, 2009 முதல் வந்த மஞ்சள் நிற நிக்கல்-பித்தளைக் காசு. அதுவும் 6 கிராம்தான்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்கும் சிறு காந்தம் ஒன்று போதும், உலோகத்தைப் பிரித்துவிடலாம். எவர்சில்வர் காசு காந்தத்தில் ஒட்டும். செம்பு-நிக்கலும் பித்தளையும் ஒட்டாது. குழந்தைகளை இந்த வேலையில் உட்கார வைத்துவிட்டால் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

2 ரூபாயும் இப்படித்தான். இந்திய வரைபடம் போட்ட பழைய 2 ரூபாயின் விளிம்பை விரலால் எண்ணிப் பாருங்கள், பதினொரு பக்கம். அதற்குப் பின் வந்தது வட்டமான பெரிய எவர்சில்வர் காசு. இரண்டு கோடுகள் குறுக்காக வெட்டிக்கொள்ள நான்கு புள்ளிகள் இருக்கும். அதற்கும் பின் வந்தது இரண்டு விரலை நீட்டிய கை. அதே வரிசையின் 1 ரூபாயில் கட்டைவிரல் உயர்ந்திருக்கும். 50 காசில் முஷ்டி. நாட்டிய முத்திரைகளைக் காசில் கொண்டுவந்த வரிசை இது. 2011-இல் ரூபாய்க் குறியீடு காசில் ஏறியது. அந்தக் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர் என்பதை நினைத்துக்கொண்டே ஒரு புதுக் காசைப் பார்த்தால் அது வெறும் சில்லறையாகத் தெரியாது.

ஆண்டுக்குக் கீழே பாருங்கள்

இரண்டாவது வாரம் ஒரு பூதக்கண்ணாடி வேண்டும். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் வைத்துக்கொள்ளும் பத்து மடங்குக் கண்ணாடி இருந்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் கைபேசியின் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும்.

காசில் அச்சிட்ட ஆண்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு நேர் கீழே சின்னதாக ஓர் அடையாளம் இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. அந்தக் காசு எந்த ஊரில் பிறந்தது என்பதை அதுதான் சொல்கிறது. சாய்சதுரம் இருந்தால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். வட்டமான சிறு புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. இப்போது நம் நாட்டில் காசு அச்சிடும் நாணயச்சாலைகள் இந்த நான்குதான். சென்னையிலும் ஒரு காலத்தில் இருந்தது. நாணயச்சாலை போய்விட்டாலும் தங்கசாலைத் தெரு என்ற பெயரில் அதன் நினைவு நிற்கிறது.

தேய்ந்த காசில் மும்பைச் சாய்சதுரத்தின் முனைகள் மழுங்கி நொய்டாப் புள்ளிபோல் தெரியும். தொடங்குபவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இது. விளக்கைக் காசுக்கு நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் தாழ வையுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் நிழல் விட்டுத் தெரியும். முனை இருக்கிறதா, உருண்டை இருக்கிறதா என்பது அப்போது பிடிபடும். அப்படியும் பிடிபடாத காசை ஒதுக்கி வையுங்கள். அதே ஆண்டின் தெளிவான காசு கிடைக்கும்போது பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஐதராபாத்திலிருந்து வந்த சில பழைய காசுகளில் நட்சத்திரத்துக்குப் பதிலாகப் பிளந்த சாய்சதுரமோ, நடுவில் புள்ளி வைத்த சாய்சதுரமோ இருக்கும். அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நான்கில் அடங்காத குறி ஒன்று தென்பட்டால் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள். நாட்டில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது வெளிநாட்டு நாணயச்சாலைகளிலும் நம் காசை அச்சிட்டு வாங்கியிருக்கிறார்கள். 1985 ஆம் ஆண்டு 1 ரூபாயில் ஆண்டுக்குக் கீழே ஆங்கில 'ஹெச்' எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் உள்ள ஹீட்டன் ஆலையில் அடித்தது. 1997-இன் எவர்சில்வர் 1 ரூபாய்களில் 'எம்' எழுத்தின் தலையில் சிறு வட்டம் வைத்தது மெக்சிகோவிலிருந்து வந்தது. 1990-களின் கடைசி ஆண்டுகளில் 'எம்', 'கே' என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து வந்தால் ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா. 1999-ஐ ஒட்டிய 5 ரூபாயில் ரஷ்ய எழுத்து மூன்று இருந்தால் மாஸ்கோ.

மாஸ்கோவில் அடித்த 5 ரூபாய் எனக்குக் கிடைத்தது ஒரு காய்கறிச் சந்தையில், வெண்டைக்காய் வாங்கிய மீதியில். மண் படிந்த காசு. அத்தனை தூரத்திலிருந்து வந்து, எத்தனையோ கை மாறி, கடைசியில் அந்தச் சாக்குப் படுதாவுக்கு அடியில் கிடந்திருக்கிறது. விலை என்று பார்த்தால் அது பெரிய காசு இல்லை. ஆனாலும் அன்று முழுவதும் அதைச் சட்டைப்பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

முகம் போட்ட காசுகள்

நினைவு நாணயங்கள் என்று சொல்கிறோமே, அவற்றில் இரண்டு வகை உண்டு. அழகான பெட்டியில் வைத்து முன்பதிவுக்கு மட்டும் விற்பவை ஒரு வகை. 100 ரூபாய், 1000 ரூபாய் போன்ற மதிப்பில் வரும். அவற்றைக் கடைச் சில்லறையில் தேடிப் பயனில்லை. இன்னொரு வகை, 1, 2, 5, 10 ரூபாய்களில் பொதுப் புழக்கத்துக்கே விட்டவை. நம் வேட்டை இவற்றுக்குத்தான்.

இவற்றை விரைவாகப் பிடிக்க ஒரு வழி: சிங்க முத்திரை இருக்கும் பக்கத்திலேயே மதிப்பு எண்ணும் இருந்தால் மறுபக்கத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். எண் சிங்கத்துக்குக் கீழே இறங்கிவிட்டது என்றால் மறுபக்கத்தில் வேறு யாருக்கோ, எதற்கோ இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் பொருள்.

தமிழ்நாட்டில் தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் முதல் இலக்கு ஐந்து காசுகள். எட்டாவது உலகத் தமிழ் மாநாடு 1995-இல் தஞ்சாவூரில் நடந்தபோது வந்த திருவள்ளுவர் நாணயம். 2 ரூபாயிலும் உண்டு, 5 ரூபாயிலும் உண்டு. காமராசர் நூற்றாண்டுக்கான 2003 ஆம் ஆண்டு 5 ரூபாய். முன்பு சொன்ன அந்தக் கனத்த 9 கிராம் குடும்பத்தைச் சேர்ந்தது. அண்ணாவின் 5 ரூபாய். பசுமைப் புரட்சியின்போது மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியத்தின் நூற்றாண்டுக்கு 2010-இல் வந்த 5 ரூபாய். அதே 2010-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டு நிறைவுக்கு வந்த 5 ரூபாய்.

கடைசியாகச் சொன்னதைக் கண்ணாடி வைத்துப் பார்க்கத் தவறாதீர்கள். 23 மில்லிமீட்டர் வட்டம்; அதற்குள் விமானமும் முன்னால் இராசராசனும். அந்த உயரமான விமானத்தைச் சுண்டுவிரல் நகத்தின் அளவுக்குள் கொண்டுவந்து, அடுக்கு அடுக்காகத் தெரியும்படி செதுக்கியிருக்கிறார்கள். அதிகம் புழங்காத காசில் அந்த அடுக்குகளைத் தனித்தனியே எண்ண முடியும். புழங்கிய காசில் முதலில் தேய்வது மேடான பகுதிகள்தான். அதனால் ஒரே காசு இரண்டு கிடைத்தால் அந்த மேடுகளை ஒப்பிட்டு, கூர்மை குறையாததை வைத்துக்கொண்டு மற்றதைச் செலவழியுங்கள்.

இந்த ஐந்தும் முடிந்தால் பட்டியல் நீளும். தண்டி யாத்திரையின் 75 ஆம் ஆண்டுக்கு 2005-இல் ஒரு 5 ரூபாய். நாராயண குருவுக்கு 2006-இல். பகத் சிங்குக்கு 2007-இல். லூயி பிரெயிலுக்கு 2009-இல் ஒரு 2 ரூபாய். வருமான வரியின் 150 ஆண்டுக்குச் சாணக்கியர், அன்னை தெரசா, தாகூர், விவேகானந்தர் என்று இன்னும் வரும். எனக்கு மிகவும் பிடித்தது 2003-இன் 2 ரூபாய். இந்திய ரயில்வேயின் 150 ஆம் ஆண்டுக்கு வந்தது. கையில் விளக்கோடு கார்டு உடையில் ஒரு யானைக்குட்டி. புத்தம் புதிதாக ஏதாவது வேண்டும் என்றால் விடுதலையின் 75 ஆம் ஆண்டுச் சின்னத்தோடு 2022-இல் வந்த வரிசை இருக்கிறது. 1, 2, 5, 10, 20 என ஐந்து மதிப்பிலும் உண்டு. அவை இப்போதுதான் கை மாறிக்கொண்டிருப்பதால் கீறல் இல்லாமல் கிடைக்கும். பார்த்ததும் எடுத்து வையுங்கள்.

பத்து ரூபாய்க்கு ஒரு தனி வார்த்தை

நம் ஊரில் பல கடைகளில் 10 ரூபாய் நாணயத்தை நீட்டினால் முகம் சுளிப்பார்கள். ஒரு வடிவம் நல்லது, இன்னொன்று போலி என்று ஒரு பேச்சு கிளம்பி ஆண்டுக்கணக்கில் ஓடியது. வட்டத்தைச் சுற்றி 15 கதிர்கள் உள்ளது 2011-க்கு முந்தைய வடிவம். ரூபாய்க் குறியீட்டோடு 10 கதிர்கள் உள்ளது 2011 முதல் வந்த வடிவம். இரண்டுமே அரசின் காசுதான். இவை தவிர நினைவு வடிவங்களும் உண்டு. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று தெளிவாக அறிவித்தது.

தேடுபவருக்கு இந்தத் தயக்கம் ஒரு வாய்ப்பு. வாங்க ஆள் இல்லாமல் கடைகளில் 10 ரூபாய்க் காசு டப்பா டப்பாவாகத் தேங்கிக் கிடக்கும். தாளைக் கொடுத்துக் காசாகக் கேட்டால் கடைக்காரர் சந்தோஷமாகக் கொடுப்பார். அந்த டப்பாவில் ஹோமி பாபா, அம்பேத்கர், கயிறு வாரியத்தின் 60 ஆண்டு, நாடாளுமன்றத்தின் 60 ஆண்டு, யோகா நாள் என்று ஒவ்வொன்றாக வரும். வைத்துக்கொண்டது போக மீதியைத் தயங்காமல் செலவழியுங்கள். மறுப்பவரிடம் ரிசர்வ் வங்கி அறிவிப்பைப் பொறுமையாகச் சொல்லுங்கள். காசு புழங்கினால்தான் நம் கைக்கும் வரும்.

பிழைக் காசு

அச்சடிக்கும்போதே தவறு நேர்ந்து, சோதனையிலும் தப்பி வெளியே வந்துவிட்ட காசுக்குப் பிழை நாணயம் என்று பெயர். கிடைப்பது அரிது. ஆனால் புதிதாக வருபவர்கள் அடிபட்ட காசையெல்லாம் பிழை நாணயம் என்று எடுத்து வைத்து ஏமாறுகிறார்கள். எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் வேறுபாடு தானாகப் புரியும்.

நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுகிறார்கள். பிறகு மேலும் கீழும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வில்லையை வைத்து அழுத்துகிறார்கள். ஏற்கெனவே வெட்டிய துளையின்மேல் வெட்டுக் கருவி மறுபடி விழுந்தால் வில்லையின் ஓரம் பிறைபோலக் குறைந்துவிடும். பிறை வெட்டுள்ள காசு கிடைத்தால் வெட்டுக்கு நேர் எதிரில் உள்ள விளிம்பைப் பாருங்கள். அது மங்கலாக இருந்தால் நாணயச்சாலையிலேயே நேர்ந்த பிழையாக இருக்கலாம். எதிர் விளிம்பு கூர்மையாக, வெட்டிய இடத்தில் அரத்தின் கீறல்களோடு இருந்தால் யாரோ வெட்டியது.

அச்சில் விரிசல் விட்டிருந்தால் காசில் மெல்லிய கோடு மேடாக எழும். நகத்தால் தடவுங்கள். கோடு மேடு என்றால் அச்சின் விரிசல். பள்ளம் என்றால் வெறும் கீறல். இந்த ஒரு சோதனையிலேயே பத்தில் எட்டுச் சந்தேகங்கள் தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, அச்சு திரும்பிய காசு. நம் காசின் சிங்கத்தை நேராக வைத்து, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இரண்டு விரலால் பிடித்து, கதவைத் திருப்புவதுபோல் பக்கவாட்டில் திருப்புங்கள். மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் ஒதுக்கி வையுங்கள். இதற்குக் கண்ணாடிகூட வேண்டாம்; பஸ்ஸில் நின்றுகொண்டே செய்யலாம்.

முன்பு அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் ஒரு பக்கத்தில் அந்தக் காசின் முகமே கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதியும். அப்படி ஒன்றை நான் மற்றவர் சேகரிப்பில் மட்டுமே கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

எங்கே தேடுவது

சில்லறை அதிகம் புரளும் எந்த இடமும் நல்ல இடம். டீக்கடை, பூக்கடை, காய்கறிச் சந்தை, வண்டி நிறுத்துமிடம், கண்டக்டரின் தோல்பை. கைபேசியிலேயே பணம் கொடுத்துப் பழகியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது ரொக்கம் கொடுத்து மீதி வாங்குங்கள். இல்லாவிட்டால் காசைப் பார்க்கும் வாய்ப்பே இருக்காது.

மொத்தமாகப் பார்க்க ஆசை என்றால் வங்கிக் கிளையில் கேளுங்கள். நூறு நூறு காசாகக் கட்டிய பைகள் சில கிளைகளில் கிடைக்கும். 5 ரூபாய்ப் பை ஒன்று 500 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரித்து உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரை நேரம் போவது தெரியாது. தேடி முடித்த காசைத் தெருமுனைக் கடையில் கொடுத்துத் தாளாக மாற்றிக்கொள்ளுங்கள். சில்லறைக்கு அலையும் கடைக்காரருக்கு அது உதவி. அடுத்த முறை அவரே தன் டப்பாவை உங்கள் பக்கம் தள்ளுவார்.

வரிசையில் ஆட்கள் நிற்கும்போது காசைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் வாங்கிக்கொண்டு நகருங்கள். யாருடைய காசையாவது மாற்றிக் கேட்டால் சம மதிப்பு கையில் தயாராக இருக்கட்டும்.

வீட்டை மறக்க வேண்டாம். பாட்டியின் சுருக்குப்பை, அலமாரியின் அடித்தட்டு, பழைய மண் உண்டியல். எட்டணா, நாலணா என்று நாம் இன்றும் சொல்லும் சொற்கள் 1957 ஏப்ரல் 1-க்கு முந்தைய அணாக் கணக்கிலிருந்து வந்தவை. அந்த நாளில்தான் ரூபாய்க்கு நூறு காசு என்ற கணக்கு வந்தது. 1964 வரை காசில் 'நயா பைசா' என்றே இருக்கும். 25 காசும் அதற்குக் கீழ் உள்ளவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாக்காசு ஆகிவிட்டன. காண்டாமிருகம் போட்ட 25 காசை இப்போது வீட்டு டப்பாக்களில்தான் தேட முடியும். 50 காசு மட்டும் சட்டப்படி இன்னும் செல்லும்.

தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள்

இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தொடங்கிய புதிதில் எனக்கு ஒரு காமராசர் 5 ரூபாய் கிடைத்தது. நிறம் மங்கி இருந்தது. குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளி போட்டுத் தேய்த்தேன். காசு பளபளவென்று ஆனது. மறுநாள் கண்ணாடி வைத்துப் பார்த்தால் முகம் முழுவதும் மயிரிழைக் கீறல்கள்; கன்னத்தின் மேடு மழுங்கியிருந்தது. பல ஆண்டுகளில் படியும் நிறத்தையும் மேற்பரப்பையும் ஒரு முறை இழந்தால் திரும்ப வராது. புளி, எலுமிச்சை, திருநீறு, பற்பசை எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது.

எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுங்கள். விரல் வியர்வையின் உப்பு சில வாரங்களில் ரேகையாகப் பதிந்துவிடும். வைப்பதற்கு நடுவில் கண்ணாடிபோன்ற தாள் உள்ள சதுர அட்டைகள் நாணயக் கடைகளில் கிடைக்கும், அவை நல்லவை. மலிவான மென்மையான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் காசின்மேல் பச்சையாக, பிசுபிசுப்பாக ஒரு படலம் விடும். ரப்பர் பேண்டில் கந்தகம் இருப்பதால் அது காசைக் கறுக்கச் செய்யும். நம் கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம்; மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள்

காசு கிடைத்த அன்றே எழுதிவிடுங்கள். மதிப்பு, ஆண்டு, நாணயச்சாலை, உலோகம், கிடைத்த இடம், கிடைத்த நாள். என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது: "2 ரூ., 2003, ரயில்வே யானை, மதுரை பூ மார்க்கெட், மல்லிகை வாங்கிய மீதி, மழை." மழை எதற்கு என்று கேட்கலாம். அந்த ஒரு சொல்லால்தான் எனக்கு அந்தக் காலையும் ஈரச் சாக்கும் பூவாசனையும் திரும்பி வருகின்றன. கடையில் விலைக்கு வாங்கிய காசுக்கு இப்படி எழுத எதுவும் இருக்காது.

விலை பேசுபவர்களிடம்

சில்லறையில் கிடைக்கும் காசுகளில் மிகப் பெரும்பாலானவை முகமதிப்புக்கே உரியவை. கோடிக்கணக்கில் அடித்த காசு எப்படி இலட்சங்களுக்குப் போகும்? ஆனாலும் வைஷ்ணவ தேவி படம் போட்ட 2012-இன் 5 ரூபாய்க்கும் 10 ரூபாய்க்கும் இலட்சக்கணக்கில் தருவதாக இணையத்தில் விளம்பரங்கள் திரிகின்றன. நம்பித் தொடர்புகொண்டால் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று முதலில் உங்களிடம்தான் பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் பயன்படுத்துவார்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் இதைப் பற்றி எச்சரித்தது: பழைய நோட்டு, காசு வாங்குவதிலோ விற்பதிலோ தனக்குத் தொடர்பில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று. காசை விற்கப் போகிறவர் பணம் கட்ட வேண்டும் என்றாலே அது மோசடி. பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

உண்மையான மதிப்பை அறிய வேண்டும் என்றால் நாணயக் கண்காட்சிகளுக்குப் போங்கள். இரண்டு மூன்று வணிகர்களிடம் காட்டிக் கேளுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவை ஒரு முறையாவது நின்று பாருங்கள். உலோகத்துக்காகக் காசை உருக்கும் எண்ணம் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2011-இன் நாணயச் சட்டப்படி அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

என் ஐந்தில் நான்கு சேர்ந்துவிட்டன. பெரிய கோயில், அண்ணா, சி. சுப்பிரமணியம் மூன்றும் டீக்கடைகளிலும் சந்தைகளிலும் வந்தவை. புளி தேய்த்த காமராசருக்கு மாற்றாக இன்னொன்று, நான்கு ஆண்டு கழித்து, ஒரு வங்கிப் பையிலிருந்து வந்தது. வள்ளுவர் மட்டும் பாக்கி. வணிகரிடம் கேட்டால் இன்றே கிடைத்துவிடும், நான் வாங்கவில்லை. பதினொரு பக்க 2 ரூபாய் இப்போதெல்லாம் கைக்கு வருவதே குறைந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை மளிகைக் கடையில் ஒன்று வந்தது. விளிம்பு விரலில் தட்டுப்பட்டதுமே தெரிந்துவிட்டது. கடையை விட்டு இறங்கி, தெருவிளக்குக்கு அடியில் போய் நின்று திருப்பினேன். வரைபடம்தான். ஆண்டுக்குக் கீழே பார்த்தேன்: 1995, சாய்சதுரம், மும்பை. வள்ளுவர் வந்த அதே ஆண்டு.